‘வெறும் கல்யாண வீடியோ’ என்று சொன்னவர்களுக்கு ஒரு கல்யாண வீடியோக்காரன் எழுதும் மடல்

அன்புள்ள பார்வையாளர்களுக்கு,

வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவன். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. ஆரம்பத்தில் தோளில் தூக்கி வைக்கிற கேமராவும், பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டே வருகிற ஒரு லைட் பையனும்தான். இப்போது கிம்பல், ட்ரோன், கேண்டிட், டீசர் என்று எல்லாம் வந்துவிட்டது. மாறாதது ஒன்று உண்டு. கடைசிப் பந்தியில்தான் எங்களுக்கு இலை. பாயசம் அதற்குள் தீர்ந்திருக்கும்.

2024 நவம்பர் 18 அன்று, நயன்தாராவின் நாற்பதாவது பிறந்தநாளில், அவரைப் பற்றிய ‘பியாண்ட் தி ஃபேரிடேல்’ ஆவணப்படம் நெட்பிளிக்ஸில் வந்தது. அடுத்த பத்து நாளும் என் காதில் விழுந்தது ஒரே வாக்கியம். ஆல்பம் வாங்கக் கடைக்கு வந்த புது மாப்பிள்ளை சொன்னார். என் மைத்துனன் சொன்னான். வத்தலகுண்டு பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பேர் சொல்லிக்கொண்டார்கள். “அது வெறும் கல்யாண வீடியோப்பா.”

அந்த ‘வெறும்’ என்ற சொல்லுக்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அது கல்யாண வீடியோதான். தொழில்காரன் கண்ணுக்கு அது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் நண்பர்கள் நாலு பேரை மண்டபத்துச் சுவரோரம் நிறுத்தி, “மச்சான் ரொம்ப நல்லவன், சிஸ்டர் பார்த்துக்கோங்க” என்று நாங்கள் சொல்லவைப்போம். இங்கே நாகார்ஜுனா, ராணா, தமன்னா, அட்லி எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே நல்ல வெளிச்சத்தில் சொல்கிறார்கள். பெண்ணின் அம்மா பழைய கதை சொல்கிறார். சின்ன வயசு போட்டோக்கள் வருகின்றன. பிறகு மாமல்லபுரத்தில் 2022 ஜூன் 9 அன்று நடந்த அந்தக் கல்யாணம், சிவப்புப் புடவை, ஆனந்தக் கண்ணீர். இதே வரிசையில் நான் எத்தனை கல்யாணத்துக்கு ஹைலைட்ஸ் வெட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. என்ன, என் மண்டபத்தில் கண்ணாடிக் கூரை இருக்காது, தகரக் கொட்டகைதான்.

ஆகவே பெயர் வைத்ததில் தப்பில்லை. கல்யாண வீடியோ என்றால் என்னவென்று தெரியாமல் வைத்துவிட்டீர்கள், அதுதான் என் வருத்தம்.

அது என்னவென்று சொல்கிறேன். ஆறேழு வருடம் முன்பு நத்தம் ரோட்டில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பதினொன்றரை மணி. மேடையில் போட்டோ வரிசை நகர்கிறது. மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டர் ரூம் கதவோரம், சமையல்காரர் இலைக் கணக்கோடு நிற்கிறார். 600 இலை பேசியது, 715 ஆகிவிட்டது. பெண்ணின் அப்பா மஞ்சப்பையிலிருந்து கட்டை எடுத்து, விரலில் எச்சில் தொட்டு எண்ணுகிறார். அவர் எண்ணி முடிப்பதற்காக நாதஸ்வரக்காரர் ஒருவர் துண்டை மடித்தபடி காத்திருக்கிறார். அப்பா நூறு ரூபாய்த் தாள் ஒன்றைத் திருப்பிப் பார்க்கிறார், கிழிந்திருக்கிறதா என்று. மேடையில் இருந்த பெண், யாரோ கொடுத்த பூங்கொத்தைக் கையில் வாங்கிக்கொண்டே, அந்தப் பக்கம் பார்க்கிறாள்.

ஒன்பது விநாடி. அந்தப் பார்வை என் கேமராவில் விழுந்துவிட்டது. வேண்டுமென்று எடுத்ததில்லை, போகஸ் மாற்றும்போது மாட்டியது.

எடிட் பார்க்க வந்த வீட்டார் முதலில் சொன்னது இதைத்தான்: “அண்ணே, அப்பா காசு எண்றதைத் தூக்கிடுங்க. பார்க்க அசிங்கமா இருக்கு.” தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் மண்டபத்தை மேலிருந்து காட்டும் ட்ரோன் ஷாட் வைத்தேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

எந்த வீட்டிலும் அழுகையை வெட்டச் சொல்லி நான் கேட்டதில்லை. அழுகைக்கு நல்ல பாட்டாகப் போடச் சொல்வார்கள். சண்டையைக்கூட ஒரு சிலர் “இருக்கட்டும், பின்னாடி பார்த்துச் சிரிப்போம்” என்பார்கள். ஆனால் காசு கைமாறும் காட்சி ஒன்றுகூடத் தப்பாது. மொய் எழுதும் மேசையை எட்டத்திலிருந்து ஒரு ஷாட், அவ்வளவுதான் அனுமதி. சீர்த்தட்டு காட்டலாம், அது யார் கடனில் வந்தது என்று காட்டக் கூடாது.

இனி அந்த ஆவணப்படத்துக்கு வருகிறேன்.

நயன்தாரா யார்? விமானப்படையில் இருந்தவரின் மகள். டயானா மரியம் குரியன் என்ற பெயரோடு 2003-ல் மலையாளத்தில் நடிக்க வந்தவர். 2005-ல் தமிழில் ‘ஐயா’, ‘சந்திரமுகி’, ‘கஜினி’. மூன்றும் ஒரே வருடம். அதன்பிறகு நடுவில் சினிமாவே வேண்டாம் என்று போய்த் திரும்பி வந்து, ‘மாயா’, ‘அறம்’, ‘கோலமாவு கோகிலா’ என்று ஹீரோ இல்லாமலே தியேட்டரை நிரப்பியவர். பட விளம்பர நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்று சொல்லியும் தயாரிப்பாளர்களை வரிசையில் நிற்க வைத்தவர். கணவர் விக்னேஷ் சிவனோடு ரவுடி பிக்சர்ஸ் என்று படக் கம்பெனி வைத்திருக்கிறார். முகத்துக்குப் பூசுகிற நைன்ஸ்கின், நாப்கின் விற்கிற ஃபெமி நைன் என்று வியாபாரங்களும் உண்டு.

இந்தப் பட்டியலில் எனக்குப் பெரிய கதையாகத் தெரிவது அந்த ‘வரமாட்டேன்’தான். ஆம்பிளைங்க கையில் இருக்கிற ஒரு சந்தையில் ஒரு பெண் எந்தத் தைரியத்தில் அப்படி ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் வைத்தார்? முதல் தடவை வைத்தபோது எதிரில் இருந்தவர் என்ன சொன்னார்? சம்பளம் பேசும்போது யார் பேசுவார்கள், எப்போது எழுந்து போவார்கள்? இதையெல்லாம் தேடித்தான் நான் படம் பார்த்தேன். நான் தேடிய அளவுக்குக் கிடைக்கவில்லை. புகழ் இருந்தது, குடும்பம் நிறைய இருந்தது. கணக்கு நோட்டு மூடியே இருந்தது. மஞ்சப்பையைத் தூக்கிவிட்டு ட்ரோன் ஷாட் வைத்துவிட்டார்கள்.

‘கல்யாண வீடியோ’ என்று நீங்கள் சொன்னது இந்தக் குறையை நினைத்து என்றால் உங்களுக்கு நான் மாலை போடுவேன். ஆனால் நீங்கள் தேடியது வேறு.

நீங்கள் தேடியது பழைய காதலர்களின் பெயர். “அவரைப் பத்தி பேசவே இல்லையே, இவர் பேரைச் சொல்லாம நழுவிட்டாங்களே.” பெயர் உங்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்த பெயரை அவர் வாயால் கேட்டு என்ன செய்யப்போகிறீர்கள்? ஒரு உறவுக்காக நடிப்பையே விடச் சொன்னார்கள், விடத் தயாரானேன் என்று அவர் சொன்ன இடம் படத்தில் இருக்கிறது. ‘ஸ்ரீ ராம ராஜ்யம்’ கடைசி நாள் படப்பிடிப்பில் அழுத கதை. அந்தச் சமயத்தில் போன் அடித்தாலே எங்களுக்குப் பயமாக இருக்கும் என்கிற மாதிரி நாகார்ஜுனா சொல்கிறார். படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். சுவரோரம் நிறுத்தி வைத்த நண்பன், சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு உண்மையைப் பேசிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்த ஒரு போன் மணியில் பெயரைவிட அதிகம் தெரிந்துவிடுகிறது. நீங்களோ பெயர் வரவில்லை என்று கோபித்துக்கொண்டீர்கள்.

இதற்கும் முன்னால், 2022 அக்டோபரில், இரட்டைக் குழந்தைகள் பிறந்த செய்தி வந்தபோது விரல்விட்டு மாதம் எண்ணினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று. சுகாதாரத் துறை விசாரணை வரைக்கும் போனது. 2016 மார்ச்சிலேயே திருமணப் பதிவு நடந்திருக்கிறது, வாடகைத்தாய் விஷயத்தில் விதிமீறல் இல்லை என்று அந்த மாதமே அறிக்கை வந்தது. எண்ணிய விரலை மடக்கிக்கொண்டதோடு சரி, “தப்பா பேசிட்டோம்” என்று யாரும் சொன்னதாக நான் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் வயிற்றுக் கணக்கில் இருந்த அக்கறை அவருடைய சம்பளக் கணக்கில் நமக்கு ஏன் வரவில்லை?

அந்தக் கணக்கு கொஞ்சமாவது வெளியே வந்தது படத்தால் அல்ல, சண்டையால். படம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 16 அன்று, தனுஷுக்கு நயன்தாரா ஒரு திறந்த மடல் எழுதினார். (எனக்கு இந்த மடல் யோசனை வந்ததே அதைப் பார்த்துத்தான்.) ‘நானும் ரவுடிதான்’ 2015-ல் வந்த படம். விக்னேஷ் சிவன் இயக்கினார், நயன்தாரா நடித்தார், இருவருக்கும் காதல் அங்கேதான் துளிர்த்தது. முதல் போட்டது தனுஷின் வுண்டர்பார் நிறுவனம். அந்தப் படத்தின் காட்சியையும் பாட்டையும் ஆவணப்படத்தில் வைக்க இரண்டு வருடம் அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை, கடைசியில் டிரெய்லரில் வந்த மூன்று விநாடிக்கு 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது என்பது அவர் சொன்ன புகார். படப்பிடிப்புத் தளத்தில் சொந்தக் கருவிகளில் எடுத்த துணுக்குகள் அவை என்பதும் அவர் பக்கத்து வாதம். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கையே ஏற்கக் கூடாது என்ற நெட்பிளிக்ஸ் தரப்பின் மனு 2025 ஜனவரியில் தள்ளுபடியானது.

நீங்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டீர்கள். ஒரு கட்சிக்கு நயன்தாரா திமிர் பிடித்தவர். இன்னொரு கட்சிக்கு தனுஷ் பொறாமை பிடித்தவர். நான் எந்தக் கட்சி என்று என் மைத்துனன் இன்றைக்கும் கேட்கிறான். எனக்கு இந்தச் சண்டையில் தெரிந்தது என் கடைக்குள்ளேயே நடக்கிற சண்டை.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் வருடத்தது. சினிமாப் படத்துக்கு ‘ஆசிரியர்’ அதைத் தயாரித்தவர் என்கிறது அது. இயக்கியவரும் இல்லை, நடித்தவரும் இல்லை. அதே சட்டத்தின் 17-வது பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குக் காசும் கொடுத்து ஒரு படம் எடுக்கப்பட்டால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில், உரிமை காசு கொடுத்தவருக்கே. அதாவது நான் எடுக்கிற கல்யாண வீடியோ எனக்குச் சொந்தமில்லை. கண் விழித்தது நான், முட்டி தேய நின்றது நான், உரிமை பெண் வீட்டுக்கு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கல்யாணத்தின் பத்து விநாடியை என் கடை விளம்பர ரீலில் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் பெரியப்பா கடைக்கே வந்துவிட்டார். “எங்க வீட்டுப் பொண்ணைக் காட்டி நீ யாவாரம் பண்ணுவியா?” கையெழுத்து வாங்காதது என் தப்பு. ரீலை எடுத்துவிட்டு, ஆல்பத்தில் நாலு தாள் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்து சமாதானம் ஆனேன். பத்து விநாடிக்கு நாலு தாள்.

அதனால் தனுஷ் பக்கம் உரிமை கேட்டதை என்னால் கேலி செய்ய முடியவில்லை. முதல் போட்டவன் கேட்பான். அதே சமயம், தன் காதல் தொடங்கிய இடத்தைத் தன் கதையில் காட்ட முடியாமல் ஒரு பெண் இரண்டு வருடம் அலைந்ததும் எனக்கு உறைக்கிறது. என் வாடிக்கையாளர்கள் யாருக்கும் அந்த நிலைமை இல்லை. அவர்கள் முதன்முதலாகப் பார்த்துக்கொண்ட பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் உரிமை கேட்பதில்லை. (பாட்டுக்குத்தான் கேட்பார்கள். மண்டபத்தில் எந்தப் பாட்டு வேண்டுமானாலும் போடலாம், சட்டத்தின் 52-வது பிரிவில் கல்யாணத்துக்கென்றே விலக்கு இருக்கிறது. அதே பாட்டை வீடியோவில் ஏற்றி யூட்யூபில் போடுங்கள், மறுநாள் காலை தாலி கட்டும் காட்சி ஊமையாக இருக்கும்.) நீதிமன்றம் சொல்கிறபடி சொல்லட்டும். நான் சொல்வது, அந்த மூன்று விநாடிச் சண்டையில்தான் நயன்தாராவின் தொழில் உலகம் நமக்கு அப்பட்டமாகத் தெரிந்தது என்பது. யார் கையில் உரிமை, அனுமதிக் கடிதம் வாங்க யார் யார் வாசலில் நிற்க வேண்டும், உறவு கசந்தால் ஒரு கையெழுத்தின் விலை எவ்வளவு ஏறும் என்பதெல்லாம். படத்துக்குள் வந்திருக்க வேண்டியது, படத்துக்கு வெளியே வந்தது.

போன வருடம் ஒரு வாடிக்கையாளர், சென்னையில் ஐ.டி. வேலை, என்னை மடக்கினார். “அண்ணா, விக்டோரியா பெக்காம் டாக்குமெண்டரி பாருங்க. அது டாக்குமெண்டரி. நம்மாளு எடுத்தது கல்யாண வீடியோ.” பார்த்தேன். பாடகியாக இருந்து துணி வியாபாரத்துக்கு வந்த இங்கிலாந்துக்காரர் அவர். படம் 2025 அக்டோபரில் வந்தது, மூன்று பாகம். அதே நெட்பிளிக்ஸ். எடுத்த கம்பெனி யாருடையது தெரியுமா? ஸ்டுடியோ 99, அவருடைய வீட்டுக்காரர், கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் கூட்டாகத் தொடங்கியது. 2023-ல் வந்த டேவிட்டின் படமும் அதே கம்பெனிதான். புருஷன் கம்பெனியில் பெண்டாட்டிக்குப் படம். எங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர் கிடையாது, கல்யாண வீடியோதான். அதற்கு மட்டும் நீங்கள் அந்தப் பெயரை வைக்கவில்லை. வெள்ளைக்காரர் வீட்டு விசேஷம் என்றால் ஆவணம் ஆகிவிடுமோ என்னவோ.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த ஐ.டி. தம்பி சொன்னது சரி. அதில் மஞ்சப்பை இருந்தது. விக்டோரியா 2008-ல் தொடங்கிய துணிக் கம்பெனி கோடிக்கணக்கில் நஷ்டத்தில் போனதை அவரே சொல்கிறார். கணவரிடம் மறுபடி மறுபடி பணம் கேட்க வேண்டியிருந்ததைப் பேசுகிறார்கள். பிறகு, 2017-ல் பணம் போட வந்த முதலீட்டாளர் உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறார்: ஆபீசில் வைக்கிற செடிகளுக்கு மட்டும் வருடம் 70,000 பவுண்டு செலவு, அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்குத் தனியாக 15,000 பவுண்டு. நான் படத்தை நிறுத்திவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபிறகு, என்னடா இந்தப் பொம்பளை மேல் ஒரு மரியாதை வருகிறதே என்றிருந்தது. அவர் பட்ட அவமானங்களை, பத்திரிகைகள் அவர் எடையைப் பற்றி எழுதியதை எல்லாம் பார்த்தபோது பரிதாபம் வந்தது, மரியாதை வந்தது அந்தச் செடிக் கணக்கில்தான். வீட்டார் வெட்டச் சொல்லாத ஒன்பது விநாடி அது.

டேவிட்டின் படத்திலும் அப்படி ஒன்று உண்டு. தான் தொழிலாளி வர்க்கத்துக் குடும்பம் என்று விக்டோரியா சொல்லிக்கொண்டிருக்கும்போது, கதவிடுக்கில் தலையை நீட்டி டேவிட் விடாமல் கேட்பார், உங்கப்பா உன்னை எந்தக் காரில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார் என்று. கடைசியில் ரோல்ஸ்ராய்ஸ் என்று ஒத்துக்கொள்வார். ஒவ்வொரு கல்யாணத்திலும் இப்படிக் கதவிடுக்கில் ஒரு அத்தை இருப்பாள். “ஆமா, இப்ப சிரிக்கிற, நேத்து ராத்திரி சீர் பத்தலைன்னு உங்கம்மா ஆடின ஆட்டம்…” என்று ஆரம்பிப்பாள். நாங்கள் உடனே மைக்கை மூடிவிடுவோம். நயன்தாராவின் படத்துக்கும் கதவிடுக்கில் ஒரு அத்தை தேவைப்பட்டாள்.

நயன்தாராவை நான் இதற்காகக் குறை சொல்வது கொஞ்சம்தான். ‘கஜினி’ நேரத்தில் “ஏன் இவ்வளவு குண்டு, எதுக்கு நடிக்கிற” என்று கேட்ட ஊர் இது. தன்னைக் காட்டினால் கல் விழும் என்று இருபது வருடம் பார்த்தவர், கண்ணாடி மண்டபத்தைக் காட்டிவிட்டுக் கணக்கு நோட்டை மூடி வைத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? சம்பளத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கே தெரியும். “காசு காசுன்னு பறக்குறா.” ஒரு நடிகர் நூறு கோடி வாங்குவதாகச் சொன்னால் நமக்குப் பெருமை, வாழ்த்துச் சொல்லி ஃபிளெக்ஸ் வைப்போம். ஆக, நீங்கள் கேட்காததால் அவர்கள் வெட்டுகிறார்கள், அவர்கள் வெட்டுவதால் உங்களுக்கு ‘வெறும்’ ஆகிவிடுகிறது.

அடுத்து ஒரு பிரபலம் கல்யாணமும் குழந்தையும் புகழுமாகப் படம் எடுத்து வந்தால், உங்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘பழைய ஆள் யாரு’ என்று கேட்கும் முன்னால் ‘இந்தப் படத்துக்கு யார் காசு போட்டது’ என்று கேளுங்கள். ‘எத்தனை மாசம்’ என்று எண்ணும் முன்னால் ‘எவ்வளவு சம்பளம், ஹீரோவுக்கு எவ்வளவு’ என்று எண்ணுங்கள். இதற்கெல்லாம் பதில் இல்லாத படத்தைத் தாராளமாகத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. போன தை மாதம் சின்னாளபட்டியில் ஒரு முகூர்த்தம். பெண் வீட்டில் முன்கூட்டியே பேசி, “பின்னாடி பிடிக்கலைன்னா எடுத்துடுறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கேமராவை மொய் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் நீளக் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. முன்னால் நின்ற அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்நூறை எடுத்தார், ஒரு நிமிடம் யோசித்தார், இன்னொரு இருநூறையும் எடுத்து வைத்து, “அவங்க எனக்கு எழுநூறு செஞ்சாங்க” என்றார். பெரியவர் எழுதிவிட்டு நிமிர்ந்தார், லென்ஸைப் பார்த்தார்.

“தம்பி, மேடையில பொண்ணு மாப்பிள்ளை நிக்கிறாங்க. இங்க என்ன எடுக்குற?”

“இதையும்தான் எடுக்கணும்யா,” என்றேன். அவர் நோட்டைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த பெயரைக் கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண வீடியோக்காரன்